கரிசலில் வேலிக்கால் ஊன்றிய சரித்திரம்

சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாறு பாயும் வெம்பக்கோட்டை வட்டாரத்தில், தாயில்பட்டியைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் கரிசல். ஐப்பசி கார்த்திகை மழையில் நீரைக் குடித்து உப்பி எழும்புவதும், பங்குனி சித்திரை வெயிலில் சுருங்கிக் கை நுழையும் அகலத்துக்குப் பாளம் பாளமாக வெடிப்பதும் இந்த மண்ணின் சுபாவம். ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும் இந்தக் குணத்தினாலேயே பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் இது வாய்ப்பான மண்ணாயிற்று. அதே குணத்தினாலேயே, தன்மேல் ஊன்றிய எந்தக் காலையும் இது நேராக நிற்கவிடுவதில்லை. இரண்டடி ஆழம் குழி பறித்து, சரளைக் கல் இட்டு, கடப்பாரையால் இடித்துக் கிட்டித்து நட்ட தூணும், மழைக்குச் சிறிது மேலெழும்பி, கோடைக்குச் சிறிது சாய்ந்து, சில ஆண்டுகளில் தன்மேல் கட்டிய கம்பியின் இழுப்புக்கே இணங்கிப் படுத்துவிடுகிறது. ஆதலால் இந்தச் சீமையில் வேலியின் சரித்திரம் என்பது, ஒரு பாதி, வேலிக்கால் நிலைத்து நிற்க உறுதியான தரையைத் தேடிய சரித்திரம். மறு பாதி, அந்த வேலி எதனை எதனிடமிருந்து காக்க வேண்டும் என்பதற்குத் தலைமுறைதோறும் மாறிவந்த விடையின் சரித்திரம்.

ஆதியில் இங்கே இருந்தது காலே இல்லாத வேலி. உடைமரத்தையும் கருவேலையும் இலந்தையையும் வெட்டி, முள் வெளிப்புறம் பார்க்க ஒன்றன்மேல் ஒன்றாகப் புஞ்சையின் வரப்போரம் சாய்த்து, கவைக்கம்பால் அழுத்தி, அதன்மேல் இரண்டு கை மண்ணையும் கல்லையும் ஏற்றிவிட்டால் அடைப்பு முடிந்தது. ஊன்றப்படாத பொருளை மண் எப்படிச் சாய்க்க முடியும்? நிலம் உப்பினால் வேலியும் உடன் எழும்பும். வெடித்தால் உடன் இறங்கும். உழவர்கள் இதனைச் சிந்தித்தே கண்டார்களா, அன்றி அனுபவத்தில் வந்து படிந்ததா என்று இப்போது சொல்ல இயலாது. எவ்விதமாயினும், கரிசலோடு சண்டையிடாமல் அதனோடு சேர்ந்து போகும் உபாயம் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆண்டுக்கொருமுறை முள் இற்றுப்போகும். இற்றது அடுப்புக்குப் போகும். புதிய முள் வரும். அந்த வேலி காக்க வேண்டியிருந்ததெல்லாம் பயிரை வெள்ளாட்டிடமிருந்து மாத்திரமே. அதையும் மீறி மேய்ந்த மாட்டை ஊர்ப் பவுண்டில் அடைத்துத் தண்டம் வாங்குவதற்கு 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இருந்தது.

இந்த எளிய முள்ளடைப்பைக் கொண்டு ஒரு சாம்ராஜ்யமே தன் கருவூலத்தைக் காக்க முயன்ற செய்தி நம்மில் பலர் அறியாதது. உப்பு வரியைத் தப்பவிடாமல் இருக்கும்பொருட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியினர் வடக்கே சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதி வரையில் ஒரு சுங்க எல்லையை வகுத்து, அதன் நெடுந்தூரத்துக்கு உயிர்வேலி வளர்த்தார்கள். அதில் நட்டவை கருவேல், இலந்தை, களா, சப்பாத்துக்கள்ளி முதலியன. ஏறக்குறைய நம் கரிசல் சம்சாரி தன் புஞ்சைக்கு வைத்துக்கொண்ட அதே செடிகள். பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அதன் தலைமை அதிகாரியாய் இருந்து அந்த வேலியை விருத்தி செய்தவர்களில் ஒருவர். அத்தனை பாடுபட்டு வளர்த்த அந்த வேலி, 1879-ஆம் ஆண்டில் சுங்க எல்லையே எடுக்கப்பட்டபோது, கேட்பாரற்று அழிந்தது. ஏழையின் உப்பைத் தடுக்க முள் வளர்த்த அந்தக் காரியத்தை நினைக்கும்போது மனம் கசக்கிறது.

தென்னாட்டிலும் சப்பாத்துக்கள்ளி வேலியாக வந்து, பின் வேலியைத் தாண்டித் தரிசு நிலமெல்லாம் பரவி, உழவர்க்குத் தொல்லையாயிற்று. 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு பூச்சி, சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் ஏக்கரில் அக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட சீமைக்கருவேலத்தைப் பற்றி இங்கே விரித்துரைக்க அவசியமில்லை. வேலிகாத்தான் என்ற பெயரோடு வந்து, இன்று கண்மாயையும் காட்டையும் ஆட்கொண்டிருக்கும் அதனைக் காணாதார் இந்தச் சீமையில் இல்லை.

உறுதியான தரையில் கால் ஊன்றும் வித்தையோ உழவரிடமிருந்து வரவில்லை, கல்தச்சரிடமிருந்து வந்தது. நம் கோயில்களின் வெளிப் பிராகாரங்களில் கல் பாவிய தரையைக் கவனித்தவர்கள், ஆங்காங்கே ஒரே அளவாக வெட்டிய வட்டக் குழிகளைக் கண்டிருப்பார்கள். திருவிழாக் காலத்தில் பந்தற்கால் ஊன்றுவதற்காகவே அவை வெட்டப்பட்டவை. கால் நிற்கும்போது அதற்கு இடம் உண்டு. கால் எடுத்த பிறகு தரை தரையாகவே இருக்கும். இடையூறின்றி எடுத்துவிடக்கூடிய கால் என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. பிற்பாடு வெடிமருந்து ஆலைகளுக்கு அது எத்தனை பிரயோசனமானது என்பதைப் பின்னே சொல்கிறேன்.

எடுக்க வேண்டாத கால், அதாவது இரும்புக் கிராதியும் கதவின் கீற்சட்டமும் போன்றவை கல்லில் நிலைக்க வேண்டுமாயின், அதற்குக் காரீயம் காய்ச்சி ஊற்றினார்கள். வாய் குறுகி அடி அகன்ற குழியைக் கல்லில் உளியால் வெட்டுவார்கள். உள்ளே செல்லும் இரும்பு முனையைக் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள். குழியின் வாயைச் சுற்றிக் களிமண்ணால் வரம்பு கட்டி, உருகிய ஈயத்தை ஒரே வார்ப்பாக ஊற்றுவார்கள். குழிக்குள் ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஈயம் சீறித் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடுமாதலால், முன்னதாக நெருப்பிட்டுக் குழியை உலர்த்துவது முறை. ஆறும்போது ஈயம் சற்றே சுருங்குகிறது. அந்த இடைவெளியை மழுங்கிய உளியால் தட்டித் தட்டி அடைத்துவிட்டால், இரும்பும் கல்லும் இரண்டற நின்றுவிடும். கிரேக்கரும் உரோமரும் தங்கள் கற்கட்டடங்களில் இரும்புப் பற்றுகளை இதே முறையில் பதித்தார்கள்.

மேனாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் இந்த வேலையை ஈயத்துக்குப் பதிலாகக் கந்தகத்தைக் கொண்டு செய்தார்கள் என்பதைச் சிவகாசிக்காரர் எவரும் வியப்போடு கேட்பார். ஈயம் உருக 327 பாகை சென்டிகிரேட் சூடு வேண்டும், கந்தகமோ ஏறத்தாழ 115 பாகையிலேயே உருகிவிடும், விலையும் குறைவு, ஆறியவுடன் கல்லைப்போல் இறுகும். ஆனால் அந்தச் சிக்கனம் நெடுநாள் நீடிக்கவில்லை. மழையீரம் பட்ட கந்தகம் இரும்பை அரிக்க, அரிப்பில் பிறந்த துரு முன்னிருந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ள, உள்ளிருந்து வந்த நெருக்கத்தில் கருங்கல்லே பிளந்தது. எந்தக் கந்தகம் நம் ஊர்ச் சரவெடிக்குள் இருந்து முழங்குகிறதோ, அதே கந்தகம் ஓசையின்றி ஒரு கிராதியின் அடியைப் பிளந்த இந்தச் செய்தியில் வேலிக்கால் பொருத்துவோர் என்றும் மறக்கலாகாத உண்மை ஒன்று இருக்கிறது: இரும்புக் கால் கெடுவது உச்சியில் அல்ல, தரையைத் தொடும் இடத்தில்; கெடும்போது தான் மட்டும் கெடாமல் தன்னைத் தாங்கும் தரையையும் கெடுத்துவிடும்.

வேலி காக்க வேண்டிய பொருளும் இடையில் மாறிக்கொண்டே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள், வண்டியும் மாடும் சரக்கும் இராத்தங்குவதற்கென மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்து, அவற்றில் தங்கும் வணிகரிடம் மகமை என்னும் சிறு தொகையைப் பெற்றுப் பொதுக்காரியங்களை நடத்தினார்கள். வழிப்பறிக்கு அஞ்சிய காலத்தின் பந்தோபஸ்து அது. பயிருக்கு முள் போதுமானதாக இருந்த சீமையில், சரக்குக்கு மதில் வேண்டியதாயிற்று.

1922-ஆம் ஆண்டளவில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் அதனைத் தொடங்கியதும், பிறகு அத்தொழிலிலிருந்து மத்தாப்பும் வெடியும் கிளைத்ததும் பலரும் அறிந்த கதை. வேலியின் சரித்திரத்துக்கு முக்கியமான ஆண்டு 1940. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் அவ்வாண்டில் வகுத்த விதிகளால், வெடி செய்வோர் உரிமம் பெற்றே செய்ய வேண்டும் என்றாயிற்று. அதே சமயத்தில் இரண்டாம் உலக யுத்தத்தால் அயல்நாட்டுப் பட்டாசு வருவது தடைப்பட, உரிமத்தோடு கூடிய ஆலைகள் சிவகாசியைச் சுற்றி எழுந்தன. அதன்பின் 1983-லும் 2008-லும் விதிகள் புதுக்கப்பட்டன. ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் வெற்றிடம் இருக்க வேண்டும், மருந்து கையாளும் அறையில் சிலபேருக்கு மேல் இருக்கலாகாது, கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், உள்ளே பொறி எழுப்பும் இரும்பு வெளியே தெரியலாகாது என்பன போன்ற ஏற்பாடுகள் அவற்றில் உள்ளன. தீ ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் தாவாதிருக்க அறைகளைப் பரப்பி வைப்பதால், வேறு தொழிலுக்கு ஓர் ஏக்கர் போதுமான இடத்தில் பட்டாசு ஆலைக்குப் பல ஏக்கர் வேண்டியதாகிறது. பல ஏக்கரையும் சுற்றி வேலி வேண்டியதாகிறது. ஆட்டிடமிருந்து பயிரையும், கள்வரிடமிருந்து சரக்கையும் காத்த வேலி, இப்போது நெருப்பிடமிருந்து மனிதரையும், மனிதரிடமிருந்து நெருப்பையும் காக்க வேண்டிய இரட்டைப் பொறுப்பை ஏற்றது.

அத்தனை நீள வேலிக்கு முள்ளடைப்பு உதவாது. உலர்ந்த முள் தீக்கு உணவு. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து விவசாயியான ஜோசப் கிளிடன் 1874-ல் காப்புரிமை பெற்ற முள்கம்பிதான் கைகொடுத்தது. அதைத் தாங்க முதலில் கருங்கல் கால் வந்தது. பாறையில் வரிசையாகக் குழி அடித்து ஆப்பிறக்கிப் பிளந்த அந்தக் கல்லுக்கால், கரிசலைக் கடந்து அடியிலுள்ள சுக்கான் பாறை வரையில் ஊன்றப்பட்டால் மட்டுமே நிலைத்தது. சுக்கான் ஆழத்தில் இருந்த இடங்களில் அந்தச் செலவைப் பலரால் தாங்க முடியவில்லை.

சிமிட்டி அதன் பிறகு நிலைமையை மாற்றியது. திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் 1949-ல் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 1960-களின் தொடக்கத்தில் இராஜபாளையம் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய மதராஸ் சிமென்ட்ஸ், விருதுநகருக்கு அருகே துலுக்கப்பட்டியில் வேலை தொடங்கிற்று. 1970-ல் தாயில்பட்டியிலிருந்து எட்டிவிடக்கூடிய ஆலங்குளத்திலேயே அரசாங்கத்தின் சிமிட்டி ஆலை வந்தது. கரிசலுக்கடியில் கிடந்த சுண்ணாம்புக்கல்லே கரிசலை வெல்லும் சாதனமாக மாறிய அதிசயத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயினும் ஆலை அருகில் இருந்தும் மூட்டை எளிதில் கிடைத்துவிடவில்லை. 1982-ல் அரசாங்கக் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்து, 1989-ல் முற்றும் நீங்கும் வரையில் சிமிட்டி பெர்மிட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரே, நான்கு மூலையிலும் கம்பி வைத்து அச்சில் வார்த்த காங்கிரீட் கால்கள் சாலையோரப் பட்டறைகளில் அடுக்கடுக்காகக் காணப்படலாயின.

சிமிட்டி மலிந்தபோது தரைகளும் மாறின. வெடிகளை வெயிலில் காயப்போடும் மேடைகள், லாரி நின்று சரக்கேற்றும் தளங்கள், கிடங்கின் முன்வாசல் ஆகிய அனைத்தும் காங்கிரீட் ஆயின. முதலில் தளம் போட்டுவிட்டு, பிற்பாடு அதன்மேல் தடுப்பு வேண்டியிருப்பது எங்கும் நடப்பது; உடைத்துக் குழி பறிப்பதா, அன்றி இருக்கிற தளத்தின்மேலேயே காலைப் பொருத்துவதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. பின்னதற்கு வழிசெய்தது 1911-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் உருவாக்கிய சிறு அடைப்பான். பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களுக்கு ஊறு நேராமல் மின்சாரச் சாமான்களைப் பொருத்த வேண்டியிருந்தபோது, சணல் நாரை இறுக்கிச் செய்த குழலைத் துளையில் செருகி, அதனுள் திருகாணி ஏறும்போது நார் விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடிக்கும்படி அவர் செய்தார். துளைக்குள் விரிந்து பிடிக்கும் அந்தத் தத்துவமே இன்றைய ஆங்கர் போல்ட்டிலும் இருக்கிறது. காலின் அடியில் ஒரு சதுரத் தகடு வெல்டிங் செய்து, நான்கு மூலையிலும் துளையிட்டு, நான்கு போல்ட்டால் தளத்தோடு இறுக்கினால், கால் கரிசலைத் தொடாமலே நின்றுவிடுகிறது. கரிசல் உப்பினாலும் தளம் பெரும்பாலும் ஒரே உடம்பாக எழும்பி ஒரே உடம்பாக இறங்குவதால், தனித்தனியே நட்ட காலைவிட இது நேராக நிற்கும்.

ஆனால் எல்லாத் தளமும் தளமல்ல. ஜல்லி போட்டு நாலைந்து அங்குலம் வார்த்த காங்கிரீட் ஒன்று. செங்கல்லும் சரளையும் பரப்பி அதன்மேல் ஓர் அங்குலம் சிமிட்டிச் சாந்து பூசி மெழுகியது மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அனுபவமுள்ள கொத்தனார், மரத்தாலான கொட்டாப்புளியால் தரையைத் தட்டிக்கொண்டே போவார்; கெட்டித்த ஓசை எழும் இடத்தில் சுண்ணாம்பால் குறியிடுவார்; பொத்தென்று கேட்கும் இடத்தை விட்டுவிடுவார். விளிம்பிலிருந்து போதிய தூரம் உள்ளே தள்ளித்தான் துளையிட வேண்டும். விளிம்பை ஒட்டி இறுக்கிய போல்ட், விரியும்போது தளத்தின் ஓரத்தைத் துண்டாகப் பெயர்த்துவிடும். துளையில் தங்கிய தூளை ஊதி வெளியேற்றாமல் போல்ட்டை இறக்கினால், அது கல்லைப் பிடிக்காமல் தூளைப் பிடித்து நின்று, சூறைக்காற்று வீசும் முதல் நாளிலேயே கழன்றுவிடும். தகட்டின் அடியில் சிமிட்டிக் கூழை இட்டு, நாற்புறமும் சரிவாக மெழுகி, மழைநீர் தேங்காமல் வழிந்தோடச் செய்வது கடைசி வேலை. தேங்கிய நீரில் துரு பிறந்தால், கந்தகம் கருங்கல்லைப் பிளந்த பழைய கதை இங்கே சிமிட்டியில் திரும்ப நடக்கும்.

வேறு ஊர்களில் இத்தோடு சொல்லி முடித்துவிடலாம். தாயில்பட்டிப் பக்கத்தில் முடியாது. ஏனெனில் இங்கே ஒரு பழைய காங்கிரீட் தளத்தின் வெடிப்பில் இருப்பது வெறும் புழுதியல்ல. பல ஆண்டுகள் வெடி காய்ந்த மேடையின் கீறல்களில் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த மருந்துத் தூள் படிந்திருக்கக்கூடும். சுழன்று இடிக்கும் டிரில்லிங் மிஷின் காங்கிரீட்டைத் துளைக்கும்போது அதன் முனை கடுமையாகச் சூடேறுகிறது. இடையே கம்பியில் பட்டால் பொறியும் பறக்கிறது. அந்தப் பொறி அந்தக் கீறலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான், மருந்து முழுவதையும் அப்புறப்படுத்தி, இடத்தை நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்த பிறகே எந்த மராமத்தையும் தொடங்க வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துகின்றன. கழுவுவதிலும் ஜாக்கிரதை வேண்டும். அலுமினியப் பொடி கலந்த மருந்து அரைகுறை ஈரத்தில் தானாகவே சூடேறும் தன்மையுடையதாகையால், ஏராளமான தண்ணீரில் அடித்துக் கழுவி, நன்றாக உலரவிட்டுத்தான் துளையிட வேண்டும். தீபாவளி கழிந்து ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும் காலமே இதற்கு ஏற்றது. ஐப்பசிக்கு முன், சரக்கு அனுப்பும் அவசரத்தில், ஒரு பக்கம் மருந்து நிறைத்துக்கொண்டிருக்க மறுபக்கம் வேலிக்குத் துளையிடுவதை எந்தப் போர்மேனும் அனுமதிக்கலாகாது. என் அபிப்பிராயத்தில், மருந்து கையாளும் அறைகளின் அருகே துளையிடுவதையே அறவே விட்டு, பந்தல்காரர் தகர டின்னில் மணல் நிரப்பிக் கால் நிறுத்துவதைப்போல, கனமான காங்கிரீட் கட்டையில் கால் பதித்து, அதனைக் கொணர்ந்து தளத்தின்மேல் வைத்துவிடுவதே உத்தமம்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் 40 பேர் அளவுக்கு மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளரே அல்லர். முதல் வெடியோசை கேட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றவும் என்ன நேர்ந்தது என்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள். அடுத்த வெடிப்பு அவர்களைப் பலிகொண்டது. இரக்கத்தால் ஓடிவந்தவன் உயிரையும் வேலி காக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த நாள் இந்தச் சீமைக்குக் காட்டியது. உள்ளிருப்பவனோ கண நேரத்தில் வெளியே ஓட வேண்டியவன். வெளியிலிருந்து வருவோரைத் தடுத்து, உள்ளிருந்து ஓடுவோரைத் தடுக்காமல் நிற்கும் வேலியை எப்படி அமைப்பது? அறைவாசலுக்கு நேரே உள்ள தளத்தில் ஒரு காலும் பொருத்தலாகாது. ஓடுபவன் கண் தரையைப் பார்ப்பதில்லை, தகட்டின் மேல் துருத்திய ஒரு போல்ட் முனையே அவனை வீழ்த்தப் போதும். சுற்றுவேலியில் ஒரே வாசலை நம்பாமல், எல்லாத் திசையிலும் வெளிப்புறமாகத் திறக்கும் சிறு வாசல்கள் வேண்டும். வண்டிப் பாதையில் தடுப்பு அவசியமானால், தளத்தில் குழாயொன்றை மட்டமாகப் பதித்து, வேண்டும்போது செருகி வேண்டாதபோது உருவிவிடும் கால் வேண்டும். பிராகாரத்துக் கல்தச்சன் பந்தற்காலுக்கு வெட்டிய குழி செய்த வேலையை இந்தக் குழாய் செய்யும்.

இவையெல்லாம் உரிமம் பெற்ற ஆலைக்குப் பொருந்தும். உரிமமின்றி வீட்டுக்குள் வெடி செய்யும் பழக்கத்துக்கு எந்த வேலி விதியும் எட்டுவதில்லை. 2021 ஜூன் மாதம் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் மருந்து வெடித்து உயிர்கள் போயின. அப்படிப்பட்ட வீடுகளில், முற்றத்துச் சிமிட்டித் தரையின்மேல் தகடு வைத்து இறுக்கிய இரும்புக் கிராதியும் உட்புறமாகத் திறக்கும் கேட்டும் கள்வருக்குப் பயந்து வைத்தவை. தீ எழுந்தால் அவையே குழந்தைகளை உள்ளே அடைத்துவிடும். ஆலைத் தொழிலாளருக்கும் போர்மேன்களுக்கும் சிவகாசியில் பாதுகாப்புப் பயிற்சி நடக்கிறது. அந்தப் பயிற்சியில், இந்த வட்டாரத்து ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் வேலியும் கேட்டும் பொருத்தும் கொத்தனார்களையும் வெல்டர்களையும் சேர்த்து, எந்தத் தளத்தில் துளையிடலாம், எந்த வாசலுக்கு நேரே காலே வைக்கலாகாது என்பதை அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அதிகாரிகளையும் ஆலை உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.